சோலை நீங்கலாக

முள்ளுக்குறிச்சி
6-1-1936

அண்ணன் காளியண்ணன் அவர்களுக்குத் தம்பி சென்றாயன் கும்பிட்டு எழுதுவது.

மூணு வருஷமா மனசுக்குள்ளயே எழுதி எழுதிக் கிழிச்சுப் போட்ட கடுதாசிங்க இது. பேளுக்குறிச்சி சந்தைக்கு மிளகு கொண்டாந்த அர்த்தனாரி கையில கொடுத்தனுப்பறேன். காக்கிச் சட்டைக்காரன் எழுதுனதுன்னு அடுப்புல போட்டுடாதீங்க. கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் போடுங்க.

நம்ம மலையில கரடி எத்தனை இருக்குன்னு கணக்கெடுக்கச் சொல்லி எங்க காட்டிலாகாவுக்கு மேலே இருந்து உத்தரவு வந்திருக்குது. வடக்குச் சரிவு பூரா என் தலையில விழுந்திருக்குது. கணக்குல கரடி நிறைய இருந்தா மலைக்காரங்க பயிர்க்காவலுக்கு வெச்சிருக்கற துப்பாக்கி அப்படியே இருக்கும். கரடி கம்மின்னு தெரிஞ்சா, அது அழிஞ்சு போயிடும்னு சொல்லி சுடறதை நிறுத்திப்புடுவாங்க, துப்பாக்கியையும் வாங்கி வெச்சுக்குவாங்க. உங்க துப்பாக்கியும் அதுல ஒண்ணுங்க.

அதனால நீங்க ஊர்க்கவுண்டரா நாலு ஆளு கொடுக்கணும். சாயங்காலம் ஓடைச் சேத்தைத் தழையால இழுத்துச் சமமா வெச்சுட்டு வந்துடுவோம். காலையில போனா அடி பதிஞ்சிருக்கும். முன்னங்கால் அகலத்துக்கு ஈர்க்குச்சி ஒடிச்சு வெச்சுக்கிட்டா இது வேற அது வேறன்னு பிரிச்சுடலாம். ஒரே கரடியை ரெண்டு தரம் எண்ணற பேச்சே இல்லே. ரேஞ்சர் அய்யா சொல்லிக் கொடுத்ததுங்க.

நம்ம சாமைக்காட்டுல சர்க்கார் எல்லைக்கல்லு நட்டது நானில்லீங்க. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே கல்லு வந்துருச்சு. அன்னைக்கும் இதைத்தான் சொன்னேன், நீங்க கேக்கலை. இந்த வேலையை நல்லபடியாச் செஞ்சா உத்தியோகம் நிரந்தரம்னு ரேஞ்சர் சொல்லியிருக்காரு. அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க.

தம்பி
சென்றாயன்


நெல்லிக்காட்டுப்பட்டி
யுவ வருஷம், தை மாசம், பொங்கல் கழிஞ்ச வெள்ளி

சென்றாயனுக்கு.

கடுதாசியை அடுப்புலதான் போடப் போனேன். அத்தாயி புடுங்கி மடியில வெச்சுக்கிட்டா. உன்னை இடுப்புல தூக்கித் தூக்கியே இடுப்பு கோணிப் போனவ அவ. ஆத்தா செத்த வீட்டுக்குப் புதுப்பொண்ணா வந்தவளுக்கு முதல் சீதனமா நீதானே கிடைச்சே. அவளுக்காகத்தான் படிச்சேன். அதை மனசுல வெச்சுக்கோ.

கல்லு நட்டது நீயில்லே, சரி. நட்ட கல்லைக் காவல் காக்கறவன் நீதானே. என் காடு எனக்கில்லாமப் போனதுக்கு எவன் சம்பளம் வாங்கறான்னு மட்டும்தான் நான் பார்ப்பேன். அந்தப் பேச்சை இனி எடுக்காதே.

ஆளு தாரேன். உனக்காக இல்லே, துப்பாக்கிக்காக. பலாக்காலம் வந்தா நம்ம தோட்டத்துல ராத்திரி பூரா என்ன நடக்கும்னு உனக்கே தெரியும். பழுத்த வாசத்துக்குக் கரடி எங்கிருந்தெல்லாமோ இறங்கி வருது. துப்பாக்கியை வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டாத்தான் ஓடுது. இந்த மலையில பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடி தோட்டத்துக்குப் போயி உசுரோட திரும்பி வாராங்கன்னா அந்த ஒரு வெடிச் சத்தத்தாலதான். அதைப் புடுங்கிட்டுப் போறதுக்கு நீ கணக்கெடுக்கறேன்னா இப்பவே சொல்லிடு.

பொய் எழுதச் சொல்லலை. இருக்கறதை எழுது, போதும். அர்த்தனாரியும் சின்னராசும் இன்னும் ரெண்டு பேரும் வருவாங்க. செம்மேட்டுச் சாவடியிலேயே தங்கிக்கோ. எம்பட ஊட்டு வாசப்படியை மட்டும் மிதிக்காதே.

காளியண்ணன்


முள்ளுக்குறிச்சி
11-3-1936

அண்ணனுக்கு,

எப்படி எழுதறதுன்னு தெரியாமயே எழுதறேன். கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

வேலை நல்லாத்தான் நடந்துது. உங்க ஆளுங்க மாதிரி ஆளுங்களை நான் பார்த்ததில்லீங்க. அந்தக் குளிருல ஒருத்தரும் முகம் சுளிக்கலை. அண்ணி களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் அர்த்தனாரிகிட்டக் கொடுத்தனுப்பியிருந்துது. ஓடையில உக்காந்து சாப்பிட்டேன். அதுக்காக அண்ணியை ஏதும் பேசிடாதீங்க, உங்க வாசப்படியை நான் மிதிக்கலை.

வடக்குச் சரிவு பூராத்துக்கும் பதினொரு கரடின்னு கணக்கு வந்துது. ரேஞ்சர் அய்யா என்னை உக்காரச் சொல்லி ஒண்ணொண்ணாக் கேட்டாரு. ஈர்க்குச்சி கட்டைப் பிரிச்சுக் காட்டினேன். மலைக்காரனை வேலைக்கு வெச்சது வீண் போகலைன்னு பக்கத்துல இருந்த குமாஸ்தாகிட்டச் சொன்னாரு. என் உத்தியோகம் நிரந்தரமாயிடுச்சு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம கோயில்ல போயி உக்காந்திருந்தேன்.

நேத்து உத்தரவு வந்துது. இத்தனை பெரிய சரிவுக்குப் பதினொண்ணு ரொம்பக் கம்மியாம். மூணு வருஷத்துக்குக் கரடி மேல ஒரு குண்டு படக் கூடாதாம். வடக்குச் சரிவுல இருக்கற எல்லாத் துப்பாக்கியையும் பங்குனி முடியறதுக்குள்ள செம்மேட்டுல ஒப்படைக்கணும்னு போட்டிருக்குது.

நான் பொய் எழுதலை அண்ணா. பார்த்ததைத்தான் எழுதுனேன். வேணுமின்னா அர்த்தனாரியைக் கேளுங்க.

சென்றாயன்


நெல்லிக்காட்டுப்பட்டி
பங்குனி மாசம், செம்மேட்டுல இருந்து வந்த மறுநாள்

டேய்.

துப்பாக்கியைக் கொடுத்துட்டு வந்தேன். மேசை மேல வெச்சதும் குமாஸ்தா ஒருத்தன் அதுல நம்பர் எழுதி மூலையில சாத்தினான். அப்பன் வாங்குன துப்பாக்கி, விளக்குமாத்துப் பக்கத்துல நிக்குது. ஒரு காயிதம் கொடுத்தான். கரடி வந்தா அந்தக் காயிதத்தைக் காட்டறேன், படிச்சுட்டுப் போகட்டும்.

பதினொண்ணா? வரும்போது வழி பூரா இதே நினைப்புதான். சின்னவயசுல இருந்து நான் பார்க்கற கரடியெல்லாம் எங்கே போச்சுன்னு யோசனை பண்ணிக்கிட்டே வந்தவன், அம்மன் சோலைகிட்ட வந்ததும் வழக்கப்படி செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு சுத்துப்பாதையில நடந்தேன் பாரு, அப்பத்தான் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துது. சோலைக்குள்ள இருக்கறதை நீ எண்ணவே இல்லையே.

அர்த்தனாரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அடி உள்ளே போச்சுங்க, நாங்க கும்பிட்டுட்டு அந்தாண்ட சுத்திப் போனோமுங்கன்னான். ஏன்டா எண்ணலைன்னா, என்னையே ஒரு மாதிரிப் பார்க்கறான். அவனைச் சொல்லிக் குத்தமில்லே. எனக்கே நேத்துவரைக்கும் தோணலையே. தை வேட்டையில துரத்திட்டுப் போற மிருகம் சோலைக்குள்ள நுழைஞ்சுட்டா நாயைக்கூடத் திருப்பிக் கூப்பிட்டுக்கற ஜனம் நாம. அம்மனோட உருப்படியை எவன் எண்ணுவான்?

கீழ்நாட்டான் ஒருத்தன் வந்து எண்ணியிருந்தா செருப்புக் காலோட உள்ளே போயிருப்பான். கணக்கும் சரியா வந்திருக்கும். நீ நம்ம ஆளாப் போயிட்டே, அதனால என் துப்பாக்கி போச்சு. கீழே இறங்கி மூணு வருஷத்துல சட்டை மாறுச்சு, பேச்சு மாறுச்சு, அதை மட்டும் எதுக்குடா விடாமப் புடிச்சுக்கிட்டிருந்தே?

"சோலை நீங்கலாக"ன்னு ரெண்டு வார்த்தை எழுதியிருந்தா இந்தக் கதி வந்திருக்காது. இப்பவாவது எழுது. பலா பிஞ்சு விட்டுருச்சு.

காளியண்ணன்


முள்ளுக்குறிச்சி
20-4-1936

அண்ணனுக்கு,

நீங்க எழுதுனதைப் படிச்சேனுங்க. சத்தியமா எனக்கு நெனப்பே வரலை. சோலை ஓரத்துல நின்னு ஈர்க்குச்சியை மடியில சொருகிக்கிட்டுக் கும்பிட்டது கண்ணுக்குள்ள நிக்குது. கும்பிட்டுட்டுத் திரும்பிட்டேன். அவ்வளவுதான்.

ரேஞ்சர் ஊட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தரம் போயிட்டுத் திரும்பிட்டேன். சோலை நீங்கலாகன்னு சொன்னா, சோலையில எத்தனைன்னு அடுத்த கேள்வி கேட்பாரு. தெரியாதுன்னு சொல்ல முடியாது. உள்ளே போகணும். நான் எப்படிங்க உள்ளே போவேன்? சின்னராசு அங்கே ஒரு காஞ்ச சுள்ளி ஒடிச்சதுக்குக் கோயிலுக்குக் கிடா வெட்ட வெச்சது நீங்கதானே. ஒடிக்கறதே அப்படின்னா, உள்ளே போயி அம்மனோடதை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணறவனை என்ன செய்வீங்க?

இன்னொண்ணையும் மறைக்காமச் சொல்லிடறேன். முதல்ல கொடுத்த கணக்கு தப்புன்னு நானே போய் நின்னா, நிரந்தரம் பண்ணின கையாலயே சீட்டைக் கிழிச்சுடுவாங்க. எனக்கு இது ஒண்ணுதான் இருக்குது. மலையில எனக்கு ஊடு இல்லேன்னு நீங்கதான் சொன்னீங்க.

இந்த ஒரு பலாக்காலத்தைத் தள்ளிடுங்க அண்ணா. தகரம் தட்டுங்க, தோட்டத்தைச் சுத்தி நெருப்புப் போடுங்க. பொம்பளைங்களை வெளுக்கற நேரத்துல அனுப்பாதீங்க, வெயில் ஏறட்டும். நான் சமயம் பார்த்து ரேஞ்சர்கிட்டப் பேசறேன்.

சென்றாயன்


நெல்லிக்காட்டுப்பட்டி
தாது வருஷம், வைகாசி மாசம்

சென்றாயா.

அத்தாயிக்கு முகம் இல்லே.

உனக்கு விவரமா எழுதணும்னுதான் உக்காந்திருக்கறேன். நீ கணக்கு எழுதறவன், விவரம் வேணும் உனக்கு. முந்தாநாள், வெளுக்கற நேரம். வெயில் ஏறட்டும்னு நீ எழுதுனதை அவகிட்டச் சொல்லியிருந்தேன். வெயில் ஏறுனா கரடி பழத்துல என்னத்தை மிச்சம் வெச்சிருக்கும்னு கேட்டுட்டுக் கூடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. நான் பின்னாலயே தகரத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். நான் மேட்டுல இருந்து பார்க்கறப்ப அது அவ மேல இருந்துது.

நீ சொன்ன தகரம் என் கையில இருந்துது. தட்டினேன். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்துது, பார்த்துட்டு மறுபடி அவ மேலயே குனிஞ்சுக்கிச்சு. கிட்டப் போயி அதோட முதுகுலயே தகரத்தால அடிச்சேன். அப்புறம்தான் விட்டுட்டுப் போச்சு. ஓடலை, நடந்து போச்சு. சோலைக்குள்ளதான் போச்சு.

கண்ணு ஒண்ணு கிடையாது. மூக்கு கிடையாது. மேல்தாடை வரைக்கும் உரிஞ்சு கிடந்துது. பாதிரியார் ஆஸ்பத்திரி மருந்துக்காரரு வந்து தைச்சாரு. தைக்கறதுக்குத் தோல் போதலைன்னு சொல்லிட்டுத் திண்டாடினாரு. கஞ்சியை வெத்தலைக் காம்பு கனத்துக்குத் துணியை முறுக்கித் தொண்டையில விடறோம், பாதி வெளியிலயே வருது. வலியில அவ கத்தறது சத்தமா வரலை, காத்தாத்தான் வருது. பக்கத்துல உக்காந்திருந்தா அது நம்ம முகத்துல படுது.

உன் உத்தியோகம் நல்லாயிருக்குதா?

இப்ப நான் சொல்றதைக் கேளு. ஊர்க்கவுண்டனாச் சொல்றேன், உன்கூடப் பொறந்தவனாவும் சொல்றேன். உள்ளே போ. அம்மனோடதோ எவளோடதோ, எல்லாத்தையும் எண்ணு. எழுதி உன் ரேஞ்சர்கிட்டக் கொடு. பாவம்னு ஒண்ணு வந்தா அது என் தலையில வரட்டும், நான் சொல்லித்தானே போறே. எனக்குத் துப்பாக்கி வேணும். அடுத்த பழம் பழுக்கறதுக்குள்ள வேணும்.

காளியண்ணன்


முள்ளுக்குறிச்சி
24-6-1936

அண்ணனுக்கு,

போயிட்டு வந்துட்டேன்.

ஓடையில குளிச்சு ஈரத்துணியோட போனேன். காக்கியைக் கழட்டி வெளியில கல்லு மேல வெச்சுட்டுத்தான் நுழைஞ்சேன். ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை. அம்மனுக்கு நான் மலைக்காரனாத் தெரியணும்னு நெனச்சனோ என்னவோ. உள்ளே பெரிய பாறைப் பொந்து இருக்குதுங்க, நம்ம முப்பாட்டனெல்லாம் பார்த்திருக்க மாட்டாங்க. அதுக்கு எதுத்தாப்புல மரத்து மேல ஏறி நாலு நாள் இருந்தேன். எண்ணறப்ப வாய்விட்டு எண்ணலை. குட்டிகளை முதுகுல ஏத்திக்கிட்டுத் தாய்க்கரடி போறதையெல்லாம் பார்த்தேன். குட்டிகளையும் சேர்த்து ஒம்பது.

வெளியே பதினொண்ணு, உள்ளே ஒம்பது, ஆக மொத்தம் இருபதுன்னு எழுதிக் கொடுத்துட்டேன். முதல் கணக்குல சோலை விட்டுப் போச்சு, அது என் தப்புன்னும் எழுதினேன். ரேஞ்சர் வேலையை விட்டு நீக்குவாருன்னு துணிமணியைக்கூட மூட்டை கட்டி வெச்சிருந்தேன். அவரு ஏசலை. சிரிச்சாரு. சாமிக்குப் பயந்துதான் விட்டுட்டியா, உள்ளே அவ்வளவு கிடக்குதான்னு ரெண்டு மூணு தரம் கேட்டுக்கிட்டாரு. பொந்து எந்தப் பக்கம், வழி எப்படின்னு படம் போடச் சொன்னாரு. போட்டுக் கொடுத்தேன். மேலே எழுதறேன்னாரு.

துப்பாக்கி வந்துரும் அண்ணா. இருபதுன்னா கம்மின்னு யாரும் சொல்ல முடியாது.

திரும்பி வாரப்ப நம்ம பலாத்தோட்டத்து வேலிகிட்ட நின்னேன். ஊட்டுல இருந்து சத்தம் கேக்குதான்னு பார்த்தேன். வாசப்படியை மிதிக்காதேன்னு நீங்க சொன்னதால திரும்பிட்டேன். அண்ணியை ஒரே ஒரு தரம் பார்க்கணும். அது என்னைப் பார்க்க வேண்டாம், தூங்கறப்ப வந்து பார்த்துட்டுப் போயிடறேன். வரலாம்னு ஒரு வார்த்தை எழுதுங்க.

சென்றாயன்


முள்ளுக்குறிச்சி
17-8-1936

அண்ணனுக்கு,

பதில் இல்லை. அர்த்தனாரி மூணு சந்தையா மலையிறங்கி வரலை. மத்த ஆளுங்க என்னைக் கண்டா மூட்டையைத் தூக்கிக்கிட்டு அந்தாண்ட போயிடறாங்க. அதனால இதைத் தபால்ல போடறேன். அண்ணி எப்படி இருக்குது? அதை மட்டுமாவது எழுதுங்க.

உத்தரவு வந்துருச்சு. நான் நெனச்ச மாதிரி வரலை. கரடி இருபதுன்னா தாராளமா இருக்குதாம், சில உருப்படியைச் சுட்டா கெடுதல் இல்லையாம். அதுக்காக வெளியூர்ல இருந்து துரைமார் நாலு பேரு ரைபிளோட வாராங்க. மலைக்காரங்க துப்பாக்கியைப் பத்திக் கேட்டேன். அது வேற விஷயம், அப்புறம் பார்க்கலாம்னுட்டாங்க. சுடறதுக்குத் தோதான எடம் எதுன்னு ரேஞ்சர் என் படத்தையே மேசை மேல விரிச்சுத் துரைமாருக்குக் காட்டினாரு. சோலைதான். மழை விட்டதும் மூணு பக்கமும் ஆளை நிறுத்தித் தப்பட்டை அடிச்சுக் காடு கலைக்கப் போறாங்க. வழி காட்டறது நான். தப்பட்டைக்கு ஆளு நம்ம ஊர்ல இருந்தே எடுக்கறதாப் பேச்சு.

நான் என்னத்தைச் செஞ்சு வெச்சிருக்கறேன்னு இப்பத்தான் தெரியுதுங்க. ராத்திரியில அந்தத் தாய்க்கரடிங்க வரிசையாக் கண்ணுல வருது.

நீங்க ஊர்க்கவுண்டர். ஆளு கொடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா மலைநாடே உங்க பின்னால நிக்கும். ஆளு இல்லாம காடு கலைக்க முடியாது. நானும் காக்கியைக் கழட்டி ரேஞ்சர் ஊட்டு வாசல்ல வீசிட்டு மலையேறி வந்துடறேன். நாட்டார் பஞ்சாயத்து முன்னால விழுந்து, அண்ணன் சொல்லித்தான் உள்ளே போனேன், எங்க ஊட்டுல இப்படி ஒரு கதி வந்துதுன்னு சொல்றேன். அபராதம் எதுவானாலும் கட்டறேன். மொட்டை போட்டுக்கறேன். உங்க காட்டுல கூலிக்குக் களை எடுத்துக்கிட்டுக் கிடக்கறேன். வாடா சென்றாயான்னு மட்டும் எழுதுங்க. அந்தக் கடுதாசி வார வரைக்கும் நான் இந்தச் சட்டையைப் போட்டிருப்பேன், வந்த அன்னிக்குக் கழட்டிடுவேன்.

தம்பி
சென்றாயன்


நெல்லிக்காட்டுப்பட்டி
தாது வருஷம், ஐப்பசி மாசம்

சென்றாயனுக்கு, கடைசியாக.

உன் ரெண்டு கடுதாசியும் வந்துது. அத்தாயி ஆடி மாசமே போயிட்டா. புண்ணுல புழு வெச்சு, மூளை வரைக்கும் ஏறிக்கிச்சுன்னு சொன்னாங்க. கடைசி மூணு நாள் உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா. வாய் இல்லாததால எங்களுக்கு முதல்ல புரியலை. புரிஞ்சதுக்கு அப்புறமும் நான் ஆள் அனுப்பலை. உனக்குச் சேதி சொன்னா ஊரை விட்டுத் தள்ளிடுவேன்னு அர்த்தனாரிகிட்டச் சொன்னது நான்தான்.

சோலையில உன்னைப் பார்த்தேன். துரைமாருக்குப் பக்கத்துல நின்னே. நான் தப்பட்டைக்காரங்களுக்கு முன்னால நின்னேன். என் தோள்ல என்ன இருந்துதுன்னு நீயும் பார்த்தே. ஆமா, துப்பாக்கி வந்துருச்சு. உன் ரேஞ்சர் செம்மேட்டுக்கு வந்திருந்தப்ப என்னைக் கூப்பிட்டனுப்பினாரு. தப்பட்டைக்கு நாற்பது ஆளு கொடுத்தா உன் ஒருத்தன் துப்பாக்கியை மட்டும் திருப்பித் தாரேன்னாரு. நான் யோசிக்கக்கூட இல்லே. அவளைத் தின்ன கரடி அந்தப் பொந்துக்குள்ளதான் இருந்துது, அதைச் சுடறவன் துரையா இருந்தா எனக்கென்ன, எவனா இருந்தா எனக்கென்ன. ஏழு உருப்படியை வரிசையாப் போட்டு வெச்சிருந்தாங்க. ஒண்ணொண்ணோட மூஞ்சியையும் குனிஞ்சு பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்துது.

மறுவாரம் நாட்டார் பஞ்சாயத்து கூடிடுச்சு. அம்மன் சோலையில ரத்தம் விழுந்துருச்சு, உள்ளே இத்தனை இருக்குதுன்னு வெளியில சொன்னவன் யாருன்னு கேட்டாங்க. உன் பேரைச் சொன்னேன். யாரு சொல்லி அவன் உள்ளே போனான்னு கேட்டாங்க. நான் வாயைத் தொறக்கலை. சின்னராசுதான் எந்திரிச்சு, கவுண்டரே, தப்பட்டைக்கு நீங்கதானே ஆளு கொடுத்தீங்கன்னான். என் தம்பி பண்ணின காரியத்துக்கு நானே தீர்ப்புச் சொல்றேன், அதுக்கு மேல என்னை யாரும் கேட்கக் கூடாதுன்னேன். ஒத்துக்கிட்டாங்க.

உனக்குக் கருமாதியெல்லாம் முடிச்சாச்சு. சாமைத் தாள்ல உன் உருவம் கட்டி, அத்தாயியை எரிச்ச எடத்துலயே வெச்சு எரிச்சோம். நான்தான் கொள்ளி வெச்சேன். பதினாறாம் நாள் கறிச்சோறு போட்டேன், நாடே வந்து சாப்பிட்டுட்டுப் போச்சு. இனி இந்த மலையில உனக்குத் தண்ணி கொடுக்கறவனும் நெருப்புக் கொடுக்கறவனும் உன்னோடயே போக வேண்டியதுதான்.

பாவம் என் தலையிலன்னு எழுதினேன். எழுதுனது நெனப்பிருக்குது. அந்தக் கடுதாசியை நீ வெச்சிருந்தாலும் இங்கே படிக்க ஆளில்லே. நாட்டார்ல எவனுக்கும் எழுத்துத் தெரியாது, படிச்சுச் சொல்றவன் நான் ஒருத்தன்தான்.

இனி எழுதாதே. செத்தவன்கிட்ட இருந்து கடுதாசி வந்தா ஊரு என்ன நெனைக்கும்.

காளியண்ணன்
ஊர்க்கவுண்டர்


முள்ளுக்குறிச்சி
8-2-1937

நெல்லிக்காட்டுப்பட்டி ஊர்க்கவுண்டர் காளியண்ணக் கவுண்டருக்கு, வனக்காவலர் சென்றாயன் தெரிவிப்பது:

வடக்குச் சரிவில் இவ்வருடக் கரடிக் கணக்கு சென்ற வாரத்தோடு முடிவுற்றது. அம்மன் சோலை முழுவதும் உட்புகுந்து பார்வையிடப்பட்டது. சோலையில் கரடி எதுவும் இல்லை. தங்கள் கிராமத்தைச் சுற்றியுள்ள காட்டிலும் இல்லை. எனவே தங்கள் கிராமத்தில் பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி தேவையில்லை என்ற என் அறிக்கையை மேலதிகாரிகள் ஒப்புக்கொண்டு, தங்கள் பெயரில் உள்ள லைசென்சை ரத்து செய்துள்ளார்கள். உத்தரவு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

சர்க்கார் எழுத வேண்டியது அவ்வளவுதான். இனி நான் எழுதறேன்.

இந்தத் தரம் குளிக்கலை. செருப்பைக் கழட்டலை. காக்கியோடதான் போனேன். போன தரம் நடுங்குன நடுக்கத்தை நெனச்சு எனக்கே சிரிப்பு வந்துது. கொள்ளி வெச்சு முடிஞ்சவனை எந்தச் சாமி என்ன செய்யும்? அந்த விதத்துல நீங்க செஞ்சது எனக்கு நல்லதாத்தான் போச்சுங்க.

அண்ணி என் பேரைச் சொன்னதை நீங்க எழுதாம இருந்திருக்கலாம். அதை மட்டும் எழுதாம இருந்திருந்தா, ஒருவேளை நானும் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதியிருப்பேன்.

பொந்துக்குப் பின்னால இன்னொரு வழி இருக்குது. தப்பட்டைச் சத்தத்துல ஒரு தாய்க்கரடி அந்த வழியாத் தப்பிச்சிருக்குது. பின்னங்கால்ல குண்டு பட்டு நொண்டுது. ஒரு குட்டி முதுகுல இருக்குது. ஆளைக் கண்டா ஒதுங்கிப் போறதில்லை, எழுந்து நின்னு எதுத்தாப்புல வருது. என்னையே மரத்து மேல ஏத்தி அரை நாள் உக்கார வெச்சுது. சாயங்காலம் அது இறங்கிப் போன அடியைத் தொடர்ந்து பார்த்தேன். நேரா உங்க பலாத்தோட்டத்துக்குத்தான் போகுது.

அதை நான் கணக்குல எழுதலை. மலையில இது தெரிஞ்சவங்க நீங்களும் நானும்தான். என் பேரைச் சொல்லி நீங்க யாருகிட்டயும் முறையிட முடியாது, நான் செத்துப் போயிட்டேன். ஊட்டுல வேற ஆளும் இல்லாததால இந்த வருஷம் வெளுக்கற நேரத்துல பழம் பொறுக்க நீங்கதான் போகணும்.

துப்பாக்கியைப் பங்குனி முடிவதற்குள் செம்மேட்டில் ஒப்படைத்து, ரசீது பெற்றுக்கொள்ளவும்.

சென்றாயன்
வனக்காவலர்